தமிழுக்கு மேடை அமைத்த மறைமலையடிகள்

மறைமலை நகர் என்னும் பெயரை நாளும் உச்சரிக்கிறோம். அப்பெயருக்கு உரிய பெரியாரின் வாழ்வை அறிந்தோர் நம்முள் எத்தனை பேர்? அந்நகரின் இரயில் நிலையத்தில் நாம் காலூன்றும் இடத்திற்கு வழங்கும் ‘நடைமேடை’ என்ற ஒரு சொல்லைக் கொண்டே அவர்தம் தொண்டின் பயனை உணரலாம்.

அடிகள் 1876ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் நாகப்பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் சொக்கநாத பிள்ளை, தாயார் சின்னம்மை. பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். அவர் பிறக்கும் முன்பே நாகைக்கு இரயில் வந்துவிட்டது. அதனோடு ஸ்டேஷன், பிளாட்பாரம், டிக்கெட் முதலிய சொற்களும் வந்திறங்கின.

இளமையிலேயே தந்தையை இழந்ததால் பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. புத்தகக் கடை நடத்திவந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயப் பாடம் என்ற நிலை மாறியபின், 1911இல் அப்பணியைத் துறந்து பல்லாவரத்தில் குடியேறினார்.

1916இல் மகள் நீலாம்பிகை வள்ளலார் பாடல் ஒன்றைப் பாடினார். அதில் வரும் ‘தேகம்’ என்ற வடசொல்லின் இடத்தில் ‘யாக்கை’ என்ற தமிழ்ச்சொல் இருந்தால் எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று தந்தை எடுத்துரைத்தார். அன்றைய உரையாடலே தனித்தமிழ் இயக்கத்தின் வித்தாயிற்று. வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. வேதாசலம் மறைமலை ஆனார். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ இதழும் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. இது பிறமொழி வெறுப்பு அன்று. வடமொழியும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்தவர் அவர்; காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கியவரும் அவரே.

இனி, நடைமேடைக்கு வருவோம். இருப்புப்பாதையின் தொடக்க நாட்களில் மேடை இன்றியமையாததாகக் கருதப்படவில்லை. குதிரை வண்டியில் ஏறுவது போலப் படியில் கால்வைத்து ஏறினர். 1830 செப்டம்பர் 15 அன்று, இங்கிலாந்தில் லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையின் திறப்பு விழாவில், எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது பயணிகள் சிலர் தண்டவாளப் பாதையிலேயே இறங்கி நின்றனர். அவர்களுள் ஒருவரான ஹஸ்கிசன் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர், பக்கத்துப் பாதையில் வந்த எஞ்சினில் அடிபட்டு உயிரிழந்தார். மனிதர் நிற்கும் இடமும் வண்டி ஓடும் இடமும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நடைமேடையின் நோக்கம் இரண்டு. ஒன்று, மக்களைத் தண்டவாளத்திலிருந்து விலக்கிக் காப்பது. மற்றொன்று, வண்டியின் தரைக்கும் பயணியின் காலுக்கும் உள்ள உயர வேறுபாட்டைக் குறைப்பது. நம் நாட்டில் உயர்மட்ட நடைமேடைகள் தண்டவாள மட்டத்திற்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை உயர்த்தப்படுகின்றன. முதியவரும், குழந்தையை இடுப்பில் ஏந்திய தாயும், மூட்டை சுமப்பவரும் தடுமாறாமல் ஏறுவது இதனால்தான். ஏறி இறங்கும் நேரம் குறைவதால் வண்டியும் விரைந்து புறப்படுகிறது.

‘பிளாட்பாரம்’ என்பதன் மூலச்சொல்லுக்குத் தட்டையான அமைப்பு என்பதே பொருள். அதுவும் நம் செவிக்குப் புலப்படுவதில்லை. ‘நடைமேடை’யோ, நடப்பதற்கென உயர்த்திய இடம் என்று, கேட்டவுடன் தன் பயனைத் தானே சொல்லிவிடுகிறது. அடிகள் வேண்டியது இத்தகைய சொற்களையே.

தனித்தமிழ் கடினம் என்பாரும் உண்டு. சாலையோரக் கடை இன்றும் ‘பிளாட்பாரக் கடை’தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிலையத்தின் ஒலிபெருக்கியில் ‘நடைமேடை’ என்றதும் எழுத்தறியாதவரும் எழுந்து நடக்கிறார். பழகாத வரையில்தான் ஒரு சொல் கடினம்.

1950 செப்டம்பர் 15 அன்று அடிகள் மறைந்தார். பொருளறியாமல் கலைச்சொற்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் நிலை மாணவரிடம் இன்னும் மறையவில்லை. தண்டவாளத்தில் நின்று உயரத்தில் உள்ள வண்டியை அண்ணாந்து பார்ப்பவன் நிலை அது. வேதியியலோ வணிகவியலோ, தாம் கற்கும் துறையில் ஆண்டுக்குப் பத்துச் சொற்களையேனும் பொருள் விளங்கும் தமிழில் எழுதிப் பழகுவோமாக! பின்வருவோர் ஏறுவதற்கு அதுவே நாம் கட்டித்தரும் மேடை.