ஏ.சி பிறந்தது குளிருக்காக இல்லை: ஈரக்காற்றை அடக்கிய வில்லிஸ் கேரியரின் கதை

மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை வரும். லெதர் ஷூ மேல் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கும். துவைத்துப் போட்ட ஜீன்ஸ் மூன்று நாளாகியும் காயாது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: வீட்டுக்குள் இருக்கும் காற்றில் தண்ணீர் அதிகம். அந்தத் தண்ணீரைப் பிரித்தெடுக்கத்தான் இப்போது பலரும் ஆன்லைனில் 'டீஹியூமிடிஃபையர்' தேடுகிறார்கள். ஏ.சி ரிமோட்டிலும் 'டிரை மோட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. நம்மில் பலர் அதைத் தொட்டதே இல்லை.

இந்த இரண்டுக்கும் பின்னால் இருக்கும் கணக்கைப் போட்டவர் அமெரிக்க இன்ஜினீயர் வில்லிஸ் கேரியர். ஏ.சி-யைக் கண்டுபிடித்தவர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருப்போம். ஆனால் 1902-ல் அவரிடம் யாரும் 'ரூமைக் குளிராக்கிக் கொடுங்கள்' என்று கேட்டு வரவில்லை. அவரிடம் வந்த புகாரே வேறு.

ஆப்பிளில் ஆரம்பித்த கணக்கு

நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் அங்கோலா என்ற சின்ன ஊர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876 நவம்பர் 26-ம் தேதி பிறந்தார் கேரியர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. பள்ளியில் பின்னக் கணக்கு மண்டையில் ஏறவே இல்லை. அம்மா எலிசபெத் ஆப்பிள்களை எடுத்துவந்து பாதி, கால், அரைக்கால் என்று வெட்டவைத்து, கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தார். பெரிய சிக்கலை எளிய துண்டுகளாக்கிப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்ததாக கேரியர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவருக்கு 11 வயதாக இருக்கும்போது அந்த அம்மா இறந்துபோனார்.

வீட்டில் பணம் இல்லை. ஆனாலும் ஸ்காலர்ஷிப் வாங்கி கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சாப்பாட்டுச் செலவுக்குப் புல் வெட்டுவது, அடுப்புக்குக் கரி போடுவது என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 1901-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்ததும் பஃபலோ நகரில் உள்ள 'பஃபலோ ஃபோர்ஜ்' கம்பெனியில் வேலை. சம்பளம் வாரத்துக்கு 10 டாலர். அந்தக் கம்பெனி மின்விசிறிகளும் சூடேற்றும் கருவிகளும் செய்துகொண்டிருந்தது. அதாவது, காற்றைச் சூடாக்குவதுதான் அவர்கள் தொழில்!

கலர் விலகிய பத்திரிகை

அடுத்த ஆண்டே அந்தப் புகார் வந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 'சாக்கெட் வில்ஹெல்ம்ஸ்' என்ற அச்சகம். 'ஜட்ஜ்' என்ற கலர் நகைச்சுவைப் பத்திரிகையை அச்சடிப்பது இவர்கள்தான். அந்தக் காலத்தில் நான்கு கலரையும் ஒரே ஓட்டத்தில் அடிக்க முடியாது. ஒரு கலர் அடித்து, காயவைத்து, அதே பேப்பரை மறுபடி மெஷினில் கொடுக்க வேண்டும். இடையில் காற்றில் ஈரம் ஏறினால் பேப்பர் உப்பும், ஈரம் இறங்கினால் சுருங்கும். ஒரு மயிரிழை வித்தியாசம் போதும், சிவப்பு ஒரு பக்கமும் நீலம் ஒரு பக்கமும் விலகி நிற்கும். கோடையில் இந்தத் தொல்லையால் பேப்பர் வீணாகி, பத்திரிகையும் தாமதமானது. டெட்லைன் தவறினால் என்ன நடக்கும் என்று மீடியாவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

25 வயது கேரியரிடம் இந்தக் கேஸ் வந்தது. முதலில் அவர் முயன்றது உப்பு. கால்சியம் குளோரைடு கரைசலில் நனைத்த சாக்குத் துணி வழியாகக் காற்றைச் செலுத்திப் பார்த்தார். அந்த உப்பு ஈரத்தை இழுக்கும். இன்றைக்கு அலமாரிக்குள் வைக்க விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் பலவற்றில் இருப்பதும் இதே உப்புதான். ஆனால் அச்சகத்தில் இது சரிப்படவில்லை. காற்றோடு உப்பும் சேர்ந்து வந்தது, மெஷின் துருப்பிடித்துவிடும்.

அடுத்து யோசனையைத் திருப்பிப் போட்டார். சூடேற்ற நீராவி ஓடும் குழாய்ச் சுருளில், அதற்குப் பதில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டால்? அமெரிக்க வானிலைத் துறையின் அட்டவணைகளை வைத்துக்கொண்டு, எந்த அளவுக்குக் குளிரவைத்தால் எவ்வளவு ஈரம் பிரியும் என்று கணக்குப் போட்டார். 1902 ஜூலை 17-ம் தேதி வரைபடம் தயார். ஆழ்கிணற்றுத் தண்ணீர் ஓட ஒரு சுருள், அமோனியா குளிர்பதன மெஷினோடு இன்னொரு சுருள். மொத்தக் குளிர்ச்சி, ஒரு நாளில் சுமார் 49 டன் ஐஸ் உருகுவதற்குச் சமம். இலக்கு: ஆண்டு முழுக்க 55 சதவீத ஈரப்பதம்.

குளிர வைத்தால் ஏன் ஈரம் குறையும்?

ஐஸ் காபி டம்ளருக்கு வெளியே வியர்க்கிறது இல்லையா? அதேதான். சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று கொஞ்சம்தான் தாங்கும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றால் அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்க முடியும். 10 டிகிரியில் சுமார் 9 கிராம்தான். ஈரப்பதம் 80 சதவீதம் என்று வானிலை ஆப் காட்டினால், அந்த 30-ல் 24 கிராம் ஏற்கனவே நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அந்தக் காற்றை 10 டிகிரிக்கு இறக்கினால் 15 கிராம் தண்ணீராகச் சொட்டியே ஆக வேண்டும்.

இன்னும் வீட்டுக் கணக்கில் சொன்னால், 10-க்கு 10 அடி, 10 அடி உயரமுள்ள அறையில், அந்த நிலையில், கண்ணுக்குத் தெரியாமல் அரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது.

வீட்டு டீஹியூமிடிஃபையர் செய்வதும் இந்த வேலையைத்தான். ஃபேன் காற்றை இழுக்கும், குளிர்ந்த சுருளில் பட்டு ஈரம் டேங்கில் சொட்டும், அதே காற்று சூடான இன்னொரு சுருளைத் தாண்டி அறைக்கே திரும்பும். அதனால் அறை குளிராது, லேசாகச் சூடாகும். குளிரும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். ஏ.சி-யில் அந்தச் சூடான சுருள் வெளியே இருக்கும், அவ்ளோதான் வித்தியாசம்.

மூடுபனி சொல்லிக்கொடுத்தது

அதே 1902-ன் கடைசியில், பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் கேரியர் ரயிலுக்காகக் காத்திருந்தார். பிளாட்ஃபார்ம் முழுக்க மூடுபனி. எல்லோருக்கும் அது எரிச்சல், அவருக்கு அது விடை. பனிமூட்டமாக இருக்கும் காற்று முழுக்க ஈரம் நிரம்பிய காற்று. ஆனால் குளிராக இருப்பதால் அதில் உள்ள மொத்த ஈரம் குறைவுதான். அப்படியானால், விரும்பிய வெப்பநிலையில் செயற்கையாக மூடுபனியை உண்டாக்கினால், காற்றில் எவ்வளவு ஈரம் நிற்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

தண்ணீரைத் தெளித்துக் காற்றை உலர்த்துவது! கேட்டால் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் காற்றின் பனிநிலையைவிடக் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்தால், காற்றில் உள்ள ஈரம் அந்தத் துளிகளோடு சேர்ந்துகொள்ளும். இந்தக் கருவிக்கு 1906 ஜனவரி 2-ம் தேதி காப்புரிமை கிடைத்தது. (சாதா ஏர் கூலரில் தண்ணீர் அந்த அளவுக்குக் குளிராக இருக்காது. அதனால்தான் கடலோர ஊரில் ஜன்னலைச் சாத்திவிட்டு கூலர் போட்டால் புழுக்கம் கூடுகிறது.)

1911-ல் இந்தக் கணக்கையெல்லாம் சூத்திரங்களாக்கி அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கத்தில் சமர்ப்பித்தார். வெப்பநிலை, ஈரப்பதம், பனிநிலை மூன்றும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று காட்டும் அந்த முறைதான் இன்றும் ஏ.சி இன்ஜினீயர்களுக்கு அரிச்சுவடி. கேரியரின் உண்மையான சாதனை எது என்று கேட்டால், மெஷினைவிட இதைத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'முதல் ஏ.சி' பட்டத்துக்குப் போட்டியாளர்கள் உண்டு. நியூயார்க் பங்குச் சந்தைக் கட்டடத்துக்கு ஆல்ஃபிரட் வுல்ஃப் வடிவமைத்த குளிரூட்டும் அமைப்பும் அதே காலம்தான். 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரைக்கூட வைத்தவர் கேரியர் இல்லை. ஸ்டூவர்ட் கிரேமர் என்ற ஜவுளி இன்ஜினீயர்.

தியேட்டரில் நின்ற விசிறிகள்

அதுவரை கேரியரின் வாடிக்கையாளர்கள் ஆலைகள்தான். நூல் அறுந்துபோகும் ஜவுளி மில்லுக்கு ஈரத்தைக் கூட்ட வேண்டும், பேப்பர் உப்பும் அச்சகத்துக்குக் குறைக்க வேண்டும். மனிதர்கள் யாருடைய கணக்கிலும் இல்லை. 1915-ல், பழைய கம்பெனி இந்தப் பிரிவைக் கைகழுவியபோது, ஆறு இன்ஜினீயர்களோடு சேர்ந்து 32,600 டாலர் முதலில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1922-ல், அமோனியாவின் ஆபத்து இல்லாத மையவிலக்குக் குளிர்விப்பு மெஷினைக் காட்டினார். அதன் பிறகுதான் மக்கள் கூடும் இடங்களுக்குள் நுழைய முடிந்தது.

1924-ல் டெட்ராய்ட்டின் ஹட்சன் கடை. 1925-ல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டர். அன்றெல்லாம் கோடை வந்தாலே தியேட்டர்கள் காற்று வாங்கும். ரிவோலி திறப்பு நாளில் பாரமவுண்ட் அதிபர் அடால்ஃப் ஸுகோரும் வந்திருந்தார். மெஷின் வேலை செய்யத் தாமதமாக, கூட்டம் பழக்கப்படி கைவிசிறியை வீசிக்கொண்டிருந்தது. கேரியருக்கு டென்ஷன். மெல்ல மெல்ல விசிறிகள் ஒவ்வொன்றாக மடிக்குப் போயின.

வீட்டுக்கான முயற்சி மட்டும் சுலபமாக இல்லை. 1928-ல் 'வெதர்மேக்கர்' என்ற வீட்டு மெஷினைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே பொருளாதாரப் பெருமந்தம், அதன்பின் உலகப் போர். வாங்க யாரிடமும் காசு இல்லை. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் எஸ்கிமோ பனிவீடு மாதிரி ஒரு அரங்கம் கட்டிக்கூட விளம்பரம் செய்தார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் ஒரு விஷயம் மறந்துபோனது. ஆலைகளில் ஈரத்தை அளந்து மெஷினை இயக்கினார்கள். வீட்டு ஏ.சி பெரும்பாலும் வெப்பநிலையை மட்டும்தான் பார்க்கும். சின்ன அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏ.சி மாட்டினால், ஐந்து நிமிடத்தில் குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும், ஈரம் அப்படியே தங்கிவிடும். சில்லென்று இருக்கும், ஆனால் மெத்தை பிசுபிசுக்கும். டிரை மோட் ஃபேன் வேகத்தைக் குறைத்து, ஈரம் எடுக்கும் வேலைக்கு முன்னுரிமை தருகிறது. மலிவான ஈரப்பத மீட்டர் ஒன்றை மாட்டிப் பாருங்கள்: 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை சுலபமாகப் பிடிக்காது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு டீஹியூமிடிஃபையர் போட்டால் தெருவையே உலர்த்தப் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

1950 அக்டோபர் 7-ம் தேதி நியூயார்க்கில் கேரியர் காலமானார். வயது 73. அமெரிக்க வீடுகளில் ஏ.சி வேகமாகப் பரவ ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.