அச்சுக் கோத்த கை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்

ஏழையைப் பற்றி எழுதியவர்கள் பலர். ஏழையாக வாழ்ந்து எழுதியவர்கள் சிலர். அச்சிலருள் ஒருவர் விந்தன். ‘பாலும் பாவையும்’ நாவலின் ஆசிரியர் என்ற அளவில் அவர் பெயரைப் பலரும் அறிவர். அவர் வாழ்க்கையும் நாம் அறிய வேண்டியதே.

கோவிந்தன் என்பது அவருடைய இயற்பெயர். 1916-ஆம் ஆண்டு, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்து நாவலூரில் பிறந்தார். வறுமையால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. சென்னையின் அச்சுக்கூடங்களே அவருக்குச் சோறு போட்டன. ‘ஆனந்த விகடன்’ அச்சகத்திலும், பின்னர் ‘கல்கி’ அச்சகத்திலும் அவர் அச்சுக் கோக்கும் தொழிலாளி.

கணிப்பொறியில் தட்டச்சுச் செய்யும் நமக்கு அவ்வேலையின் கடுமை எளிதில் விளங்காது. ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய அறையிலிருந்து பொறுக்கி, வரிவரியாகக் கோக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாறிய எழுத்துகளைப் படிக்கப் பழக வேண்டும். அவை ஈயத்துடன் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்தவை என்று வேதியியல் நமக்குச் சொல்கிறது. ஆன்டிமனி எழுத்துக்கு உறுதி தரும். ஈயமோ உழைப்பவன் உடலுக்குக் கேடு தரும்.

பிறர் எழுதியதைக் கோத்துக்கொண்டிருந்த அத்தொழிலாளி தாமும் கதை எழுதினார். கல்கி கிருஷ்ணமூர்த்தி அத்திறமையைக் கண்டு அவரை ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொண்டார். கோவிந்தனை விந்தனாக்கியவரும் அவரே. ‘முல்லைக் கொடியாள்’ என்ற சிறுகதைத் தொகுதி 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் பரிசைப் பெற்றது.

1879-ல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தொடங்கி, நம் தொடக்ககால நாவல்களின் தலைவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்களே. உழைப்பவர்கள் ஏவல் செய்ய வந்து, செய்தபின் மறைந்துவிடுவார்கள். விந்தன் அவர்களைக் கதையின் நடுவே நிறுத்தினார். ‘பாலும் பாவையும்’ நாவலில் வரும் கனகலிங்கம் புத்தகம் விற்கும் ஊழியன். அகல்யா காதலனை நம்பி வந்து கைவிடப்பட்டவள். ‘கெட்டுப்போனவள்’ என்று ஒதுக்கும் சமுதாயத்தை நோக்கி, கெட்டது அவளா, நீயா என்று அந்நாவல் கேட்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ரஷ்யாவில் ரொட்டிக் கடையில் உழைத்த கார்க்கி தொழிலாளரைக் கதைமாந்தராக்கியதை இத்துடன் ஒப்பிடலாம்.

விந்தனிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் கதை நின்றுவிட, வாதம் மட்டும் ஓடுகிறது. ஆனால் அவருடைய ஏழைகள் நம் இரக்கத்துக்காகக் கையேந்தி நிற்பதில்லை, நியாயம் கேட்கிறார்கள். இரக்கம் கொடுப்பவனை உயர்த்தும்; நியாயம் கேட்பவனை நிமிர்த்தும்.

1954-ல் ‘மனிதன்’ என்ற இதழைத் தொடங்கினார். அது நீடிக்கவில்லை. அதே ஆண்டில் வெளியான ‘கூண்டுக்கிளி’ படத்துக்கு உரையாடல் எழுதினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் அது. பிற்காலத்தில் ‘தினமணி கதிர்’ இதழில் பணியாற்றினார். நடிகவேள் எம்.ஆர். ராதாவின் சிறைச்சாலைச் சிந்தனைகளைக் கேட்டு எழுதியவரும் அவரே. புகழ் வந்தது; செல்வம் சேரவில்லை. 1975 ஜூன் 30 அன்று, 58 வயதில் மறைந்தார்.

அவரைப் பற்றி நான் எழுதக் காரணம் உண்டு. நான் எண்ணூர்க்காரன். என் தந்தை லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இம்மலரைப் படிக்கும் நண்பர்கள் பலர் வீட்டிலும் இதே கதைதான். நாளை பட்டம் பெற்று மேசை முன் அமரும்போது, மூட்டை சுமப்பவரையும் மீன் விற்பவரையும் பற்றி நாம் எந்தக் குரலில் பேசப்போகிறோம்? ‘பாவம்’ என்று சொல்லி நகரும் குரலிலா? ‘நாங்கள்’ என்று சொல்லும் குரலிலா?

ஆசிரியர் நாற்காலிக்கு வந்த பிறகும் விந்தன் அச்சுக் கோத்த கையை மறக்கவில்லை. நாமும் நம் வீட்டாரின் கைகளை மறவாதிருப்போம். அதுவே நாம் பெறும் பட்டத்துக்கு அழகு.