வானோடு கலந்த வீரர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பிறந்தவர் இறப்பது இயற்கை. ஆயினும், இறந்த பின்னும் ஒரு நாட்டின் நெஞ்சில் வாழ்பவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் பிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன். போர்க்களத்து வீரத்திற்கு நம் நாடு அளிக்கும் மிக உயர்ந்த விருது பரம்வீர் சக்கரம். அதைப் பெற்றவர்கள் 21 பேர். அவர்களுள் விமானப்படையைச் சேர்ந்தவர் இவர் ஒருவரே!

பஞ்சாப் மாநிலத்தில் லூதியானாவை அடுத்த இசேவால் என்னும் சிற்றூரில் பிறந்தவர் செகோன். தந்தையாரும் விமானப்படையில் பணிபுரிந்தவரே. 1967 ஜூன் 4ஆம் நாள் அதிகாரியாகப் பொறுப்பேற்ற செகோன், 18ஆம் ஸ்குவாட்ரனில் நாட் விமானத்தை ஓட்டினார். நாட் என்றால் கொசு போன்றதொரு சிற்றுயிர். பெயருக்கேற்ப அவ்விமானமும் சிறியது. அதன் சிறகு விரிப்பு 22 அடிதான். எதிரியின் சேபர் விமானத்திற்கோ 37 அடிக்கு மேல். உருவில் சிறியதாயினும் சட்டென்று வளைந்து திரும்ப வல்லது நாட். ஆனால், வேகத்தோடு வளையும் விமானத்தில் ஓட்டியின் உடல் பல மடங்கு எடை கூடியது போல் அழுத்தப்படும். நாங்கள் வகுப்பறையில் கரும்பலகையில் போடும் வட்ட இயக்கக் கணக்கை அவர் தம் உடலால் போட்டார் எனலாம்.

1948ஆம் ஆண்டு உடன்பாட்டின் காரணமாக, 1971 போர் மூளும் வரை ஸ்ரீநகரில் வான்காப்பு விமானங்கள் நிறுத்தப்படவில்லை. எனவே அம்மலைகளும், உயரமும், கடுங்குளிரும் செகோனுக்குப் புதியவை. டிசம்பர் 14 அன்று ஆறு சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் விமானத் தளத்தைத் தாக்க வந்தன. குண்டுகள் விழத் தொடங்கிவிட்ட ஓடுபாதையிலிருந்து செகோன் மேலெழும்பினார். உடன் சென்ற நாட் விமானம் பார்வையிலிருந்து மறைந்துவிட, தனியொருவராகப் போரிட்டார். ஒரு சேபரைச் சுட்டுச் சேதப்படுத்தினார். மற்றொன்றைத் தீப்பற்றச் செய்தார் என்று விருதுக் குறிப்பு கூறுகிறது. மர உச்சிகளை ஒட்டிய உயரத்தில் நடந்த அப்போரில், எண்ணிக்கையில் மிகுந்த எதிரிகளால் இறுதியில் வீழ்த்தப்பட்டார். இரண்டே நாளில், டிசம்பர் 16ஆம் நாள், போர் முடிந்தது. மணமாகி ஓராண்டும் நிறையாத அவர் திரும்பவில்லை. விமானத்தின் சிதைவுகள் மலைப்பள்ளம் ஒன்றில் கிடைத்தன. எவ்வளவு தேடியும் அவர் உடல் கிடைக்கவில்லை.

தாம்பரத்தில் வாழும் எங்களுக்கு விமான ஓசை புதிதன்று. விமானம் ஓட்டக் கற்றுத் தருவோருக்கே பயிற்சியளிக்கும் பள்ளி இங்கேதான் உள்ளது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் பெற்றதும் விமானப்படைத் தேர்வு எழுத எண்ணியுள்ளேன். அதனால்தான் செகோனின் வரலாற்றை ஒருநாள் என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வீரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உடலாவது கிடைத்ததா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அக்கேள்வியில் எங்கள் ஊரின் துயரமும் இருந்தது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய ஏ.என்.32 விமானம் வங்கக் கடலில் மறைந்தது. ஏறத்தாழ 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடப்பது 2024 ஜனவரியில்தான் தெரியவந்தது. ஏழாண்டுகளுக்கு மேல் அவ்வீடுகள் எதைப் பார்த்துக் காத்திருந்தன?

நாடு செகோனை மறக்கவில்லை. அவருடைய 18ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே 27 அன்று, நம் கோவை மாவட்டத்துச் சூலூரில், தேஜஸ் விமானங்களோடு மீண்டும் உயிர்பெற்றது. 2023 ஜனவரியில் அந்தமானின் தீவு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பதக்கமும் தீவும் பெருமைக்குரியவைதாம். ஆனால் மகன் வராத வீட்டின் வெறுமையை அவை நிரப்பிவிடுமா? வீரனை வணங்கும் கைகள் அவனைப் பெற்றவர்களையும் சேர்த்தே வணங்க வேண்டும்.

தேர்வு எழுதும் என் எண்ணம் மாறவில்லை. ஆயினும் அம்மாவின் சம்மதத்தைப் பெற்ற பிறகே விண்ணப்பம் அனுப்புவேன். அதுவரை காத்திருப்பதும் செகோனுக்கு நான் செய்யும் மரியாதையே.