மெல்பா லிஸ்டன்: மூச்சும் எழுத்தும்

டிராம்போன் என்னும் பித்தளைக் கருவியில் விரல் வைக்கத் துளைகள் இல்லை. நீண்ட குழலை முன்னும் பின்னும் இழுத்து, செவி காட்டும் இடத்தில் நிறுத்தினால்தான் சுரம் பிறக்கும். 1926 சனவரி 13ஆம் நாள் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் கருப்பினக் குடும்பமொன்றில் பிறந்த மெல்பா லிஸ்டன், தம் ஏழாம் வயதில், சிறு கைக்கு எட்டாத நீளமுடைய இக்கருவியை விரும்பி ஏற்றார்.

லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்தபின், ஜெரால்டு வில்சனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். பாடகியரை வரவேற்ற ஜாஸ் மேடை, பித்தளைக் கருவி ஏந்திய பெண்ணை எளிதில் ஏற்காத காலம் அது. 1949இல் பாடகி பில்லி ஹாலிடேயுடன் தென்மாநிலங்களில் மேற்கொண்ட பயணம் கசப்பில் முடிந்தது. மனம் சோர்ந்த மெல்பா, மேடையை விட்டு விலகி எழுத்தர் பணி புரிந்தார். திரைப்படங்களிலும் சிறு வேடங்கள் ஏற்றார்.

அவரை மீட்டுக் கொணர்ந்தவர் டிஸ்ஸி கில்லெஸ்பி. 1956இல் அமெரிக்க அரசின் சார்பில் மேற்காசியாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் சென்ற கில்லெஸ்பியின் குழுவில் மெல்பா வாசித்தார். எக்கருவி எவ்விடத்தில் ஒலிக்க வேண்டும், எவ்விடத்தில் அடங்க வேண்டும் என வகுக்கும் இசைக்கோப்பையும் அக்குழுவுக்கு எழுதித் தந்தார்.

இவ்வாற்றல் முழுமையாக வெளிப்பட்டது, பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனுடன் இணைந்தபோதுதான். 1960இல், ஆப்பிரிக்க நாடுகள் பல விடுதலை பெற்ற அதே ஆண்டில், இருவரும் 'உகுரு ஆப்பிரிக்கா' என்னும் இசைத்தொகுப்பைப் படைத்தனர். உகுரு என்பது சுவாகிலி மொழியில் விடுதலையைக் குறிக்கும். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அதற்குப் பாடல் எழுதினார். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு அத்தொகுப்பைத் தடை செய்தது.

1973 முதல் 1979 வரை ஜமைக்கா இசைப்பள்ளியில் ஆசிரியப் பணியாற்றினார். 1985இல் பக்கவாதம் தாக்கியது. குழலை இழுத்த கை ஓய்ந்தது. ஆயினும் எழுத்து ஓயவில்லை. கணிப்பொறியின் துணையால் தொடர்ந்து எழுதினார். வெஸ்டன் 1991இல் பதிவு செய்த தொகுப்புக்கும் இசைக்கோப்பு இவருடையதே. 1987இல் அமெரிக்க அரசின் ஜாஸ் மேதை விருது இவரை வந்தடைந்தது. 1999 ஏப்ரல் 23 அன்று மறைந்தார்.

பரிபாடல், பாடிய புலவரோடு இசை வகுத்தோரின் பெயரையும் நமக்குக் காத்துத் தந்துள்ளது. ஜாஸ் உலகில் அப்பேறு இசைக்கோப்பாளருக்கு அரிதாகவே வாய்த்தது. வெஸ்டனின் இசைத்தட்டுகளைக் கேட்போர் பலர் மெல்பாவின் பெயரை அறியார். அவர் அமைத்த ஒலியையோ நன்கறிவர்.