சிக்கன வீடு கண்ட லாரி பேக்கர்

வீட்டைக் கட்டிப் பார் என்ற பழமொழிக்குப் பின்னால் எத்தனையோ குடும்பங்களின் கடன் கதை இருக்கிறது. அந்தக் கடன் சுமையைக் குறைப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர், திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1917-ல் பிறந்தார். கட்டடக் கலை பயின்றவர், யுத்த காலத்தில் மருத்துவத் தொண்டராகச் சீனா சென்றார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். துணித் துண்டுகளால் ஆன பேக்கரின் காலணி காந்தியடிகளைக் கவர்ந்தது. ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து, பேக்கரின் மனத்தில் ஆழப் பதிந்தது.

1945-ல் தொழுநோயாளர் சேவைக்காக மீண்டும் இந்தியா வந்தார். 1948-ல் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை மணந்தார். இமயமலையில் பித்தோராகட் பகுதியில் தம்பதியர் பல ஆண்டுகள் மருத்துவமனை நடத்தினர். கல்லும் மண்ணும் மரமும் கொண்டு மலைவாசிகள் கட்டிய வீடுகளே அங்கு அவருக்குப் பாடசாலை ஆயின. 1963-ல் கேரளத்தில் வாகமண்ணுக்கும், பின்னர் திருவனந்தபுரத்துக்கும் வந்து சேர்ந்தனர்.

அவர் முறையில் மந்திரம் ஏதும் இல்லை. செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவார். எலிப்பொறிக் கட்டு எனப்படும் இம்முறையில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம். வெயிலின் உஷ்ணமும் எளிதில் உள்ளே இறங்காது. கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்து, சிமெண்ட் செலவைக் குறைத்தார். விலை கூடிய மரச் சன்னல்களுக்குப் பதில், சுவரிலேயே செங்கல் இடைவெளி விட்டுக் காற்றும் வெளிச்சமும் வரவழைத்தார். சுவருக்குப் பூச்சும் இல்லை, வர்ணமும் இல்லை. சிமெண்டுக்கும் இரும்புக்கும் கொடுக்கும் பணம் ஊரை விட்டுப் போய்விடும். செங்கல்லுக்கும் கொத்தனாருக்கும் கொடுப்பது ஊரிலேயே தங்கும் என்பது அவர் கணக்கு.

1970-களின் தொடக்கத்தில் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டும் பொறுப்பைப் பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் அவரிடம் ஒப்படைத்தார். மரங்களை வெட்டாமல், அவற்றுக்கு வழிவிட்டுச் சுவர்களை வளைத்துக் கட்டினார். பூசாத சுவர் நிற்குமா என்ற சந்தேகத்துக்கு, இன்றும் நிற்கும் அக்கட்டடங்களே பதில். தம்பானூர் பஸ் நிலையம் அருகே சுருள் வடிவில் எழுந்த இந்தியன் காபி ஹவுஸும் அவர் கைவண்ணமே.

1985-ல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், கே. என். ராஜ் ஆகியோருடன் சேர்ந்து காஸ்ட்போர்ட் அமைப்பைத் தோற்றுவித்தார். பல ஏழைக் குடும்பங்களுக்கு அதன் வாயிலாக வீடு கிடைத்தது. ஆனால் சிக்கனம் ஏழைக்கு மட்டுமே உரியது என்பதை அவர் ஏற்கவில்லை. வசதி உள்ளவரும் வீண் செலவைத் தவிர்த்தால்தான் இல்லாதவருக்குப் பொருள் மிஞ்சும் என்று கருதினார். செங்கல் சுடவும் விறகு வேண்டும் என்பதால் மண் சுவரின் மேன்மையையும் எழுதிப் பரப்பினார்.

1980-களின் இறுதியில் இந்தியக் குடியுரிமை பெற்ற அவருக்கு 1990-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாலாஞ்சிறையில் தாமே சிறுகச் சிறுகக் கட்டிய இல்லத்தில் 2007 ஏப்ரல் 1-ந் தேதி, தமது 90-வது வயதில் காலமானார்.

வீடு கட்ட மனை பார்ப்போர், கடன் மனுவில் கையெழுத்திடும் முன் உள்ளூர் வரை ஒருமுறை சென்று அந்தச் சுவர்களைப் பார்த்து வருவது நலம்.