தொண்டுக்கு வித்திட்ட பால் ஹாரிஸ்

சென்னை மாநகரின் வடபால் அமைந்தது உழைப்பாளர் மிகுந்து வாழும் பகுதியாகும். இராயபுரத்தில் 1856-ஆம் ஆண்டு புகைவண்டி நிலையம் திறக்கப்பெற்றது. துறைமுகமும், காசிமேட்டின் மீன்பிடி தொழிலும், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கங்களில் எழுந்த ஆலைகளும் பல ஊர் மக்களை ஈர்த்தன. மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் நோயும் விரைந்து பரவும். அவ்வாறு பரவி, ஓடியாட வேண்டிய பிள்ளைகளின் கால்களை முடமாக்கிய நோய் இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ.

அந்நோயை ஒழிக்க 1995-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் சொட்டு மருந்து வழங்கும் நாள்கள் நடைபெற்றன. பள்ளிகளிலும், பேருந்து நிலையங்களிலும், புகைவண்டி நிலையங்களிலும் மருந்து நிலையங்கள் அமைக்கப்பட்டன. அரசு செவிலியரோடு தோளோடு தோள் நின்று பணியாற்றியோருள் ரோட்டரிச் சங்கத்தாரும் இருந்தனர். கூலி கருதாது உழைத்த இச்சங்கத்தைத் தோற்றுவித்தவர் மருத்துவரல்லர், மன்னருமல்லர். தனிமையால் வாடிய ஒரு வழக்கறிஞரே அவர். அவர் பெயர் பால் ஹாரிஸ். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுக் காண்போம்.

இளமையும் கல்வியும்

பால் ஹாரிஸ் 1868-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், அமெரிக்க நாட்டில் விஸ்கான்சின் மாநிலத்து ராசின் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வணிகத்தில் நொடித்துப்போகவே, குடும்பம் வறுமையுற்றது. மூன்று வயதே நிரம்பிய பால், வெர்மான்ட் மாநிலத்திலுள்ள வாலிங்போர்டு என்னும் சிற்றூரில் வாழ்ந்த பாட்டனாரிடம் அனுப்பப்பட்டார். பெற்றோரைப் பிரிந்த அச்சிறுவனுக்குப் பாட்டனும் பாட்டியுமே தாயும் தந்தையும் ஆயினர். குறும்பு மிகுந்த பிள்ளையாக அவர் வளர்ந்தார். ஆயினும், பாட்டனாரின் உழைப்பும், சிக்கனமும், பிறரைப் பழித்துரையாத பண்பும் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தன. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து, இன்ப துன்பங்களில் பங்குகொள்ளும் சிற்றூர் வாழ்க்கையை அவர் என்றும் மறந்தாரிலர்.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, தாம் செய்யாத குற்றத்திற்காக அவர் வெளியேற்றப்பட்டார். பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கிப் பெருமைப்படுத்தியது. பின்னர்ப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பாட்டனாரின் மறைவால் அக்கல்வியும் இடையில் நின்றது. எனினும், ஊக்கம் குன்றாமல் அயோவா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 1891-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

ஊர் சுற்றிய ஐந்தாண்டுகள்

பட்டம் பெற்றதும் அவர் தொழிலில் இறங்கிவிடவில்லை. உலகியலை நேரிற் கண்டறிந்த பின்னரே தொழில் தொடங்குவதென உறுதிபூண்டார். செய்தித்தாள் நிருபர், ஆசிரியர், நாடக நடிகர், மாடு மேய்ப்போர், உணவு விடுதி எழுத்தர், சலவைக்கல் விற்பனையாளர் எனப் பல கோலங்கள் பூண்டார். மாடு ஏற்றிச் செல்லும் கப்பலில் கூலியாளாக இங்கிலாந்து வரை சென்றார். செல்வரோடும் ஏழையரோடும் ஒருங்கே பழகிய அவ்வைந்தாண்டுகளும் அவருக்குப் பல்கலைக்கழகமாய் அமைந்தன எனலாம்.

1896-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். இலட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்த நகரம் அது. ஆயினும், மனம் விட்டுப் பேச ஒரு நண்பரும் அங்கே அவருக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்குப் பெருஞ்சுமையாயின. 1900-ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, தொழில் நண்பர் ஒருவரோடு அவர் உலாவச் சென்றார். அந்நண்பர் வழியிலிருந்த கடைக்காரர் பலரையும் பெயர் சொல்லி அழைத்து அறிமுகம் செய்தார். அது கண்டதும் வாலிங்போர்டுச் சிற்றூர் பாலின் நினைவில் எழுந்தது. சிற்றூரின் நட்பைப் பெருநகரிலும் வளர்த்தல் இயலாதோ எனச் சிந்திக்கலானார்.

சங்கம் தோன்றியது

அச்சிந்தனை ஐந்தாண்டுகள் கழித்து வடிவம் பெற்றது. 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் மாலை, சிகாகோவில் சுரங்கப் பொறியாளர் ஒருவரின் அலுவலக அறையில் நால்வர் கூடினர். நிலக்கரி வணிகர் ஒருவர், தையற்கலைஞர் ஒருவர், அவ்வறைக்குரிய பொறியாளர், பால் ஹாரிஸ் ஆகியோரே அந்நால்வர். ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவரைச் சேர்ப்பது, முறைவைத்து உறுப்பினர் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் கூடுவது என முடிவாயிற்று. கூடும் இடம் சுழன்று வந்தமையால், சுழலுவது என்னும் பொருள்பட அதற்கு ரோட்டரி என்று பெயரிட்டனர்.

தொடக்கத்தில் அச்சங்கம் நட்பையும் தந்நலத்தையுமே நோக்கமாகக் கொண்டிருந்தது. உறுப்பினர் தமக்குள்ளேயே கொள்முதலும் விற்பனையும் செய்து பயனடைந்தனர். 1906-ஆம் ஆண்டில் சங்கத்திற் சேர அழைக்கப்பெற்ற ஒருவர், தம் உறுப்பினருக்கன்றிப் பிறருக்கு யாதும் செய்யாத சங்கம் நெடுநாள் நிலைக்காது என்று கருதிச் சேர மறுத்தார். கடிந்துரைத்தவரைப் பகையாகக் கொள்வதே உலக இயல்பு. பால் ஹாரிஸோ அக்கருத்தின் உண்மையை உணர்ந்து, சங்கத்தைப் பொதுத்தொண்டின்பால் திருப்ப முனைந்தார். நட்பு ஒன்றே போதும் என்ற உறுப்பினர் சிலர் மனக்கசப்புற்றனர். அவர் பின்வாங்கவில்லை.

முதற்பணியாக அவர்கள் எடுத்துக்கொண்டது யாது தெரியுமா? நகரின் நடுவே பொதுக் கழிப்பிடம் அமைப்பதேயாகும். 1907-ஆம் ஆண்டில் தொடங்கிய அம்முயற்சியை மதுக்கடைக்காரரும் பெருங்கடை வணிகரும் எதிர்த்தனர். பிற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு சங்கத்தார் விடாது முயன்று வென்றனர். நகையாடத்தக்க சிறுபணி எனச் சிலர் எண்ணியிருத்தல் கூடும். ஆனால், நோய்த்தடுப்பின் அடிப்படை தூய்மையே அன்றோ?

நாடு கடந்த வளர்ச்சி

1908-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் இரண்டாவது சங்கம் தோன்றியது. 1910-ஆம் ஆண்டு 16 சங்கங்களின் பேராளர் சிகாகோவில் முதல் மாநாடு கூட்டி, பால் ஹாரிஸைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டிலேயே ஸ்காட்லாந்தில் பிறந்த ஜீன் தாம்சன் என்னும் நங்கையை அவர் மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. உடல்நலம் குன்றியமையால் தலைமைப் பொறுப்பை 1912-இல் பிறரிடம் ஒப்படைத்தார். ஆயினும், பிற்காலத்தில் நாடு பல சென்று, சங்கத்தாரைக் கண்டு, நட்பின் அடையாளமாக மரங்கள் நட்டார். 1935-ஆம் ஆண்டு பிலிப்பைன் நாட்டின் மணிலா நகரில் நடைபெற்ற பசிபிக் வட்டார மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

இந்தியாவில் 1920-ஆம் ஆண்டு கல்கத்தாவிலும், 1929-ஆம் ஆண்டு சென்னையிலும் ரோட்டரிச் சங்கங்கள் ஏற்பட்டன. ஆண்டுதோறும் ஒவ்வொரு வட்டாரத்துச் சங்கத்தாரும் மாநாடு கூட்டுவர். சென்ற ஆண்டின் பணிகளைச் சீர்தூக்கி, வரும் ஆண்டின் பணிகளை அங்கே வகுப்பர். நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிருந்த இச்சங்கம், 1989-ஆம் ஆண்டில் தன் விதியைத் திருத்தி மகளிரையும் உறுப்பினராக ஏற்றது.

முடப்பட்ட குழந்தைகளிடம் பால் ஹாரிஸ் மிகுந்த பரிவு கொண்டிருந்தார். ஒஹையோ மாநிலத்து வணிகர் ஒருவர், தெரு வண்டி விபத்தில் தம் மைந்தனை இழந்தவர். தக்க மருத்துவமனை இல்லாக் குறையை உணர்ந்து, துயரத்தைத் தொண்டாக மாற்றி, மருத்துவமனை எழுப்பினார். பின்னர் 1919-இல் முடப்பட்ட குழந்தைகளுக்கென ஒரு கழகமும் கண்டார். அவருக்கு ரோட்டரிச் சங்கத்தார் துணை நின்றனர். அக்கழகத்தின் ஆட்சிக்குழுத் தலைமையை ஏற்றுப் பால் ஹாரிஸும் பணிபுரிந்தார்.

1947-ஆம் ஆண்டு சனவரி 27-ஆம் நாள், தமது 78-ஆம் வயதில், சிகாகோவில் அவர் மறைந்தார். தம் உடல்மீது மலர் சார்த்துவதற்கு மாறாகச் சங்கத்தின் அறநிதிக்குப் பொருள் உதவ வேண்டுமென்பது அவர் விருப்பம். பல நாட்டு அன்பரும் அவ்வாறே நிதி வழங்கினர்.

வித்து மரமாயிற்று

பால் ஹாரிஸ் மாநாடு கண்ட மணிலாவிலேயே, 1979-ஆம் ஆண்டில் ரோட்டரிச் சங்கத்தார் இளம்பிள்ளை வாதத்தை எதிர்க்கும் பெரும்பணியைத் தொடங்கினர். பிலிப்பைன் நாட்டுக் குழந்தைகள் ஏறத்தாழ 60 இலட்சம் பேருக்கு மருந்தளிப்பதே அதன் நோக்கம். 1985-ஆம் ஆண்டில் உலகக் குழந்தைகள் அனைவரையும் காக்க உறுதிபூண்டனர். 1988-இல் உலக நலவாழ்வு நிறுவனமும், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும், பல நாட்டு அரசுகளும் இம்முயற்சியில் இணைந்தன. அக்காலத்தில் 125-க்கு மேற்பட்ட நாடுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,50,000 குழந்தைகள் இந்நோய்க்கு இரையாயினர்.

இந்நோய்க் கிருமி, மலத்தால் மாசுற்ற நீர் வழியாகவும் கை வழியாகவும் வாயினுட் புகுந்து, குடலில் பெருகி, சிலருக்கு நரம்புகளைத் தாக்கும். தாக்கிய பின் தீர்க்க மருந்தில்லை. வருமுன் காத்தலே வழி. ஒரே நாளில் ஒரு வட்டாரத்துக் குழந்தைகள் அனைவருக்கும் சொட்டு மருந்து தந்தால், கிருமி பரவ இடமின்றி ஒடுங்கும். இம்முறையை 1980-களில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் அவ்வூர் ரோட்டரிச் சங்கத்தாரோடு கூடி நடத்திக் காட்டினர். 1995-இல் இந்திய அரசு நாடு முழுவதும் அதனைக் கைக்கொண்டது.

வெப்பம் பட்டால் மருந்து கெடும். ஆதலின், பனிக்கட்டிப் பெட்டிகளைச் சுமந்து தொண்டர் வீடு வீடாகச் சென்றனர். மருந்து பெற்ற குழந்தையின் சுண்டுவிரலில் மை இட்டனர். வேலை தேடி இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிக் கண்டனர். ஐயுற்ற பெற்றோரிடம் பொறுமையோடு எடுத்துரைத்தனர். 2009-ஆம் ஆண்டில் உலக நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியாவில் இருந்தனர். 2011-ஆம் ஆண்டு சனவரியில் மேற்கு வங்கத்தில் கண்ட சிறுமியே இந்நாட்டின் இறுதி நோயாளி. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள், இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசியா போலியோ நீங்கிய பகுதியாக அறிவிக்கப்பட்டது.

இவ்வெற்றி ஒரு சங்கத்திற்கே உரியதன்று. மருந்து கண்ட அறிஞர்களும், அரசுகளும், வெயிலில் நடந்த செவிலியரும் இதற்கு உரியவர்கள். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அக்கிருமி முற்றும் ஒழியவில்லை. அது ஒழியும்வரை நம் நாட்டுக் குழந்தைகளுக்கும் மருந்து தவறாது வழங்கப்படல் வேண்டும்.

மாணவர்களே! தமக்கு நண்பரில்லை என்று வருந்தியவர், உலகிற்கே நண்பரானார். குறை கூறியவரிடமும் உண்மையைக் கற்றார். கழிப்பிடம் அமைக்கும் பணியையும் இழிவென்று கருதாது மேற்கொண்டார். நீங்களும் உங்கள் தெருவின் தூய்மையையும், அண்டைவீட்டுக் குழந்தையின் நலத்தையும் உங்கள் பொறுப்பாகக் கொள்ளுங்கள். பெருந்தொண்டுகள் யாவும் அத்தகைய சிறுபணிகளிலிருந்தே தொடங்குகின்றன.