இரட்டைமலை சீனிவாசனாரின் பள்ளிப்பருவம்

கிணத்துக்கடவு முதலிய கொங்குநாட்டுச் சிற்றூர்களினின்று, தம் குடும்பத்தில் எவரும் மிதித்தறியாத கல்லூரி வாயிலை முதன்முதல் மிதிக்கும் மாணாக்கர் பலர். அன்னாரைக் கல்லூரிக்கு ஆயத்தஞ்செய்வதில் உயர்தரப் பாடசாலை எதைக் கொடுக்கிறது, எதைக் கொடாது விடுகிறது என்று ஆராயப் புகுவோர், கோயமுத்தூரில் கல்வி பயின்ற திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் இளமையை அறிதல் நலம். அவருடைய அரசியற்றொண்டு பலரும் அறிந்தது. பள்ளிப்பருவத்தை நினைப்போர் சிலரே.

1860ஐ ஒட்டிச் செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில் ஆதிதிராவிடர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இரட்டைமலை என்பது தந்தையார் பெயர். சாதிக்கொடுமையால் குடும்பத்தார் சொந்த ஊரை நீங்கித் தஞ்சைக்கும், பின்னர்க் கோயமுத்தூருக்கும் பெயர்ந்தனர்.

அக்காலத்து உயர்தரக் கல்வி எளிதன்று. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையே கல்லூரிக்குத் திறவுகோல். ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், சரித்திரம், பூகோளம் என்பவற்றில் தேர்ச்சி வேண்டும்; தாய்மொழியொழிந்தவற்றிற்கு விடையும் ஆங்கிலத்திலேயே எழுதுதல் வேண்டும். எழுத்தறிந்த குடும்பத்துப் பிள்ளை பள்ளியில் விளங்காததை வீட்டில் கேட்டறியலாம். முதன்முதல் படிக்கவந்த பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு கதியில்லை.

சீனிவாசனாருக்கோ அவ்வகுப்பறையே அச்சந்தருமிடமாயிற்று. அவர் வாசித்த கோயமுத்தூர்க் கலாசாலையில் ஏறக்குறைய 400 பிள்ளைகள். அவருள் பதின்மர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். சாதிக் கட்டுப்பாடுகள் அங்கே மிகக் கண்டிப்பாக அநுசரிக்கப்பட்டன. ஒருவரோடு நட்புக்கொண்டால் குலம் யாது, இருப்பிடம் எது என்ற கேள்வி எழும். விடை தெரிந்தபின் இழிவு வரும். ஆதலின் அச்சிறுவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் ஒதுங்கிப் புத்தகமும் கையுமாயிருந்து, மணி அடித்த பிறகே வகுப்பினுட் புகுவார். மாலையில் மணி அடித்ததும், உடன்பயில்வோர் தம்மை எட்டாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். பிள்ளைகள் கூடி விளையாடும் ஓசை காதில் விழ, அதிற் கலக்கவியலாத துன்பத்தை எவ்வாறு கடப்பதென்று எண்ணி எண்ணி மனங்கலங்குவார். மணிக்கு முன்னும் பின்னும் ஒளிந்து கழித்த நாழிகைகளை எந்த மதிப்பெண் பட்டியும் காட்டாது.

ஆங்கிலத்தையும் கணக்கையும் பள்ளி அவருக்குக் குறைவறக் கொடுத்ததென்பதில் ஐயமில்லை. பின்னர் நீலகிரியில் ஐரோப்பிய வர்த்தகர்களிடம் கணக்கராய் ஏறக்குறையப் பத்தாண்டு பணிபுரிந்ததும், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராயிருந்ததும் அக்கல்வியின் பயனே. தோழமையைப் பள்ளி கொடுக்கவில்லை. கல்லூரி வாழ்வுக்கான ஆயத்தத்திற் பாதி அத்தோழமையில்தான் உள்ளதென்பது நமது கருத்து. ஐயம் கேட்க அஞ்சாமையும், பிறருடன் சமமாக அமர்ந்து வாதிடும் துணிவும் தனித்திருந்து படிப்பதால் வருவனவல்ல.

ஒளிந்து வாழ்ந்த அச்சிறுவர் பின்னாளிற் செய்தது வியப்புக்குரியது. 1890இல் சென்னை சேர்ந்த அவர், 1893 அக்டோபரில் பத்திரிகையொன்று தொடங்கி, எந்தப் பெயர் தெரிந்துவிடுமோ என்று பள்ளியில் நடுங்கினாரோ அப்பெயரையே அதற்குச் சூட்டினார். ‘பறையன்’ நான்கு பக்கத்துடன் இரண்டணா விலையில் வெளிவந்தது. முதல் இதழின் 400 பிரதிகள் இரண்டு நாளில் விற்றன. பள்ளியில் அவரைச் சூழ்ந்திருந்தோரின் தொகையும் அதுவே. இது தற்செயலேயாயினும் குறிக்காமலிருக்க மனம் வரவில்லை.

அவ்வாண்டிலேயே ஐ.சி.எஸ். பரீட்சையை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் நடத்தவேண்டுமென்று காங்கிரசார் கேட்டபோது, சீனிவாசனார் எதிர்த்து நின்றார். 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பமொன்று பார்லிமெண்டுக்குச் சென்றது. கல்வியாளரொருவர் தம் நாட்டில் பரீட்சை வேண்டாமென்றது இன்று வாசிப்போர்க்கு முறையற்றதாகத் தோன்றலாம். பல தலைமுறையாய் ஓதியவனையும் நேற்று ஏடெடுத்தவனையும் ஒரே வினாத்தாளின் முன் நிறுத்தினால், அதிகாரம் முழுவதும் முன்னவன் கைக்கே போய் அவன் குலத்தாரே தம்மை ஆளுவர் என்பது அவர் அச்சம். கோயமுத்தூர் வகுப்பறையைக் கண்டவருக்கு அவ்வச்சம் வீணானதென்று நாம் கூறத் துணியோம். நாட்டுமக்கள் உயர்பதவி அடைதல் அதனால் தாமதமாகும் என்ற மறுப்பிலும் உண்மையுண்டு.

1921இல் தென்னாப்பிரிக்காவினின்று திரும்பி, 1923இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். பொதுத் தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பாரும் தடையின்றிப் பயன்படுத்தலாமென்னும் தீர்மானம் 1924இல் அவர் முயற்சியால் சபையில் நிறைவேறிற்று. கிணற்றைப் பெயரிலேயே தாங்கிய கிணத்துக்கடவு போன்ற ஊர்களில், பொதுக்கிணற்றில் நீர் மொள்ளும் உரிமை எத்தனை பெரியது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1930லும் 1931லும் இலண்டன் வட்டமேசை மகாநாடுகளில் டாக்டர் அம்பேத்காருடன் அமர்ந்து தம் மக்களுக்காக வாதாடினார்.

1939இல், எண்பதை நெருங்கிய வயதில், தம் வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். அரசாங்கம் அளித்த பட்டங்கள் மூன்று, கடல்கடந்த பயணங்கள், மன்னர் சந்திப்பு எனக் கூறுதற்குரியவை எத்தனையோ இருந்தும், கோயமுத்தூர்ப் பள்ளி மணியை அவர் அந்நூலில் மறவாது குறித்தார். 1945 செப்டம்பர் 18இல் காலமானார்.